தீவுக்கு வீடு மாறப் போகிறோம்!

என்ன குட்டீஸ்... உங்களில் எத்தனை பேர் வீடு மாறியிருக்கிறீர்கள்? பக்கத்துத் தெருவுக்கு மாறினாலே வீடு தலைகீழாகிவிடும். குக்கர் கிடைத்தால் வெயிட்டைக் காணோம். யூனிஃபார்ம் கிடைத்தால் பெல்ட்டைக் காணோம்!

வேறு ஊருக்கு மாறுவதென்றால்? அதுவும் நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவுக்கு?

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் வீடு மதுரையில் இருக்கிறது. அம்மாவுக்கு ராமேஸ்வரத்துக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது. "ஐ! தினமும் கடலில் குளிக்கலாம், சிப்பி பொறுக்கலாம்!" என்று நீங்கள் குதிக்கிறீர்கள். பாட்டியோ, "தினமும் ராமநாத சுவாமி தரிசனம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

ஆனால், சுற்றுலாவுக்கு இரண்டு நாள் போவது வேறு. குடியிருக்கப் போவது வேறு. சுற்றுலா போகிறவருக்குக் கடல் அழகாக இருந்தால் போதும். குடியிருப்பவருக்குக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது, புயல் வந்தால் எங்கே போவது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் தெரிய வேண்டும். வாருங்கள், உங்கள் குடும்பத்தோடு சேர்ந்து திட்டம் போடுவோம்!

சின்ன ஊர்... பெரிய கூட்டம்!

ராமேஸ்வரம் இருப்பது பாம்பன் தீவில். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஊரில் வசிப்பவர்கள் சுமார் 45 ஆயிரம் பேர்தான். ஆனால், வந்து போகிறவர்கள் நாடெங்கும் இருந்து வருகிறார்கள். ரத வீதியில் பத்து நிமிடம் நின்றால் இந்தி, தெலுங்கு, வங்காளம், குஜராத்தி என்று பல மொழிகள் காதில் விழும்.

தீவுக்குப் போக இரண்டே வழி. ஒன்று ரயில், இன்னொன்று சாலை. 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி, லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும்! சாலைப் பாலம் 1988-ல் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். உங்கள் வீட்டுச் சாமான்களை ஏற்றிய வண்டி இதன் வழியாகத்தான் போக வேண்டும். வேறு பாதையே கிடையாது. அதனால்தான் ‘எப்போது போவது’ என்பது இங்கே முக்கியமான கேள்வி.

அமாவாசை அன்று வேண்டாம்!

நம் வீடுகளில், ‘நிறைந்த அமாவாசை, நல்ல நாள்’ என்று சொல்லிப் புது வேலைகளைத் தொடங்குவார்கள் அல்லவா? ராமேஸ்வரத்தில் வீட்டுச் சாமான் இறக்க அதைவிடக் கஷ்டமான நாள் இல்லை! முன்னோர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க அன்று ஆயிரக்கணக்கானவர்கள் அக்னி தீர்த்தக் கடற்கரைக்கு வருவார்கள். ஆடி, புரட்டாசி, தை மாத அமாவாசைகளில் கூட்டம் இன்னும் பல மடங்கு. நடப்பவர்களுக்கே இடம் இல்லாத தெருவில் பீரோவை எப்படி இறக்குவது?

எனவே, தினசரி காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு சிவப்புப் பேனாவும் வேண்டும். அமாவாசை நாட்களை அடியுங்கள். சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை நாட்களை அடியுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற பக்தர்கள் நிறையப் பேர் இங்கேயும் வருவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வரக்கூடிய மாதங்களும் அவைதான். அவற்றையும் அடித்துவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் குடி போகக் கூடாது என்று பாட்டி சொல்வார். உங்கள் பள்ளிக்கூடமோ ஜூன் மாதம் திறந்துவிடும். இப்போது என்ன மிச்சம் இருக்கிறது? ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறப்பதற்குள், மே மாதக் கடைசி வாரத்தில், ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை! அது வைகாசி மாதமும்கூட. "செவ்வாய் வேண்டாம்" என்று பாட்டி சொன்னால் புதன்கிழமைக்கு ஒத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் சம்மதிக்கிற நாள்தான் சரியான நாள்.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை

பெரியவர்கள் வாடகையையும் அட்வான்ஸையும் பற்றிப் பேசுவார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் வீடு கிடைப்பது கஷ்டம். அங்கே பல கட்டடங்கள் விடுதிகளாகிவிட்டன. ஓர் அறைக்கு ஒரு நாளைக்கே நல்ல வாடகை கிடைக்கும்போது மாத வாடகைக்கு விட யாருக்கு மனசு வரும்? கொஞ்சம் தள்ளித்தான் தேட வேண்டியிருக்கும்.

பெரியவர்கள் மறந்துவிடக்கூடிய சில கேள்விகளை நீங்கள் கேளுங்கள்.

1. குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தீவில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீருக்கு மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது என்பதால் இப்படி நடக்கிறது. அளவுக்கு அதிகமாக இறைத்தாலோ, ஆழமாகத் துளையிட்டாலோ உப்பு நீர் மேலே வந்துவிடும். அதனால் ஒரு வீட்டில் நல்ல தண்ணீர், நாலு வீடு தள்ளி உப்புத் தண்ணீர் என்றுகூட இருக்கலாம். சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நுரை வராவிட்டால் அங்கே பருப்பு வேகவும் நேரமாகும்!

2. மழைத் தண்ணீர் தேங்குமா? 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ‘அன்றைக்கு இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது?’ என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். அவர்கள் முழங்காலைக் காட்டுகிறார்களா, இடுப்பைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

3. கடல் எவ்வளவு தூரம்? தரை மேடா, பள்ளமா?

4. புயல் வந்தால் தெருக்காரர்கள் எங்கே போய்த் தங்குவார்கள்? பள்ளிக்கூடமா, புயல் பாதுகாப்பு மையமா? அங்கே போகும் வழி எது? ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள்.

5. வண்டி வாசல் வரை வருமா? வராவிட்டால் தெருமுனையில் இருந்து தூக்கி வர ஆள் வேண்டும்.

தனுஷ்கோடிக்குக் கிடைக்காத அவகாசம்

"வீடு மாறுவதற்குப் போய்ப் புயலைப் பற்றியெல்லாம் எதற்குக் கேட்க வேண்டும்?" என்கிறீர்களா?

அதே தீவின் தென்கிழக்கு முனையில் தனுஷ்கோடி என்று ஓர் ஊர் இருந்தது. ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம், கடைகள் எல்லாம் இருந்த ஊர். இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற இங்கேதான் வருவார்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி நள்ளிரவில் பெரும் புயல் வீசியது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த ஒரு ரயிலை அலைகள் அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டன. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ‘மக்கள் வாழத் தகுதியற்ற இடம்’ என்று அரசு அறிவித்தது. தப்பித்தவர்களில் பலர் ராமேஸ்வரம் பக்கம் குடியேறினார்கள்.

அவர்களும் வீடு மாறியவர்கள்தான், குட்டீஸ். ஆனால், நாள் பார்த்து, பெட்டி கட்டி, நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு போக அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கட்டிய துணியோடு வந்தார்கள். இன்றைக்கும் அங்கே போனால் தேவாலயத்தின் சுவர்களைப் பார்க்கலாம்.

அந்தப் புயலில் பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. அதைச் சீரமைக்கும் பொறுப்பு ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்ட இரும்பு உத்திரங்களைத் தேடி எடுத்து மறுபடியும் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தைத் தயார் செய்தார்! பின்னாளில் கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் உருவாக்கியவர் இவர்தான்.

இன்றைக்குப் புயல் வருவது நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அது 1 முதல் 11 வரை எண்ணிட்டது. எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். தீவுக்குக் குடிபோகும் நீங்கள் கூண்டு எண்ணைச் செய்தித்தாளில் கவனிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077. புது வீட்டுக் கதவுக்குப் பின்னால் முதலில் ஒட்ட வேண்டிய காகிதம் இதுதான்!

முதல் பை... காகிதப் பை!

சட்டியை உடைத்தால் வேறு வாங்கலாம். சான்றிதழ் தொலைந்தால்? அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது வீட்டோடு ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் கடலோரத்தில் ஏராளம்.

அதனால் முதலில் கட்ட வேண்டிய மூட்டை பாத்திரமும் இல்லை, பொம்மையும் இல்லை. தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் பையை எடுங்கள். வீட்டில் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை, பாட்டியின் மருந்துச் சீட்டு ஆகியவற்றை அதில் போடுங்கள். கூடவே தாத்தா பாட்டியின் பழைய புகைப்படங்கள் சிலவற்றையும் வையுங்கள். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து அப்பா அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பை லாரியில் ஏறக் கூடாது. அம்மாவின் கையிலேயே வரவேண்டும். புது வீட்டிலும் பரணில் போட்டுவிடாதீர்கள். அவசரத்தில் ஒரே எட்டில் எடுக்கிற இடத்தில் இருக்கட்டும்.

டி.சி. வாங்கியாச்சா?

உங்களுக்கே உங்களுக்கான வேலை இது. தேர்வு முடிந்ததும் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்க அப்பாவுக்கு நினைவுபடுத்துங்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், இனிஷியல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் தொல்லை. உங்கள் ‘எமிஸ்’ எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா? அதுவும் முக்கியம்!

ஒரு செய்தி தெரியுமா? 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு டி.சி. வரத் தாமதமாகிறது என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியிலோ இடம் மறுக்கக் கூடாது. அதனால் பயப்பட வேண்டாம்.

மூட்டை கட்டலாமா?

மளிகைக் கடையிலும் பழக்கடையிலும் அட்டைப் பெட்டி கேட்டு வாங்குங்கள். பழைய செய்தித்தாள்களைச் சேருங்கள். (இந்த இணைப்பை மட்டும் படித்து முடித்த பிறகு!)

* புத்தகம் கனம். அதற்குச் சின்னப் பெட்டி. துணி லேசு. அதற்குப் பெரிய பெட்டி. மாற்றிச் செய்தால் பெட்டியைத் தூக்குகிறவரின் முதுகு போய்விடும்.

* பீங்கான் தட்டுகளைத் தாளில் சுற்றி, புத்தகம் அடுக்குவது போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடித் தட்டு விரிசல் விடும்.

* அண்டா, குண்டான்களைக் காலியாக அனுப்பாதீர்கள். அவையும் பெட்டிகள்தான். தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் உள்ளே திணியுங்கள்.

* ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்கெட்ச் பேனாவால் எண் போடுங்கள். ‘7 - சமையலறை - டம்ளர், கரண்டி’ என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மேல் பக்கம் மட்டும் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது. பக்கவாட்டிலும் எழுத வேண்டும். இறக்கும்போது நோட்டைப் பார்த்து டிக் அடிக்கும் ‘கணக்குப்பிள்ளை’ நீங்கள்தான்!

* சமையல் கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற வேண்டாம். பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கினால், அதைக் காட்டிப் புது ஊரில் இணைப்புப் பெறலாம்.

* கிளம்பும் நாளில் பழைய வீட்டு மின் மீட்டர் எண்ணையும், போய்ச் சேர்ந்ததும் புது வீட்டு மீட்டர் எண்ணையும் எழுதி வையுங்கள். யார் எவ்வளவு கரண்ட் செலவழித்தார்கள் என்ற சண்டையே வராது.

பாலத்தைத் தாண்டும் நாள்

மதுரையில் இருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியாகப் போக வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் சேர்ந்துவிடலாம்.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஒரு விஷயம் புரியும். காற்று! இரண்டு பக்கமும் கடல் என்பதால் தடுக்க ஒரு மரம்கூட இல்லை. பக்கவாட்டில் வந்து வண்டியைத் தள்ளும். அதனால் லாரியின் மேலே மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, பாய் போன்ற லேசான சாமான்களைச் சும்மா வைக்கக் கூடாது. தார்ப்பாய் போட்டு, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்ட வேண்டும். மதுரையிலேயே இதைச் சரிபார்த்துவிடுங்கள். பாலத்தின் மேல் நிறுத்திக் கட்டுவது ஆபத்து.

"வண்டியை நிறுத்துங்கள், கடலைப் பார்க்கலாம்!" என்று அடம்பிடிக்காதீர்கள். இனிமேல் நீங்கள் தீவுக்காரர். எத்தனையோ தடவை பார்க்கப் போகிறீர்கள்!

தெரு குறுகலாக இருந்தால் பெரிய லாரியை அகலமான சாலையில் நிறுத்தி, ‘குட்டி யானை’ வண்டியில் மாற்றி ஏற்றிப் போகலாம். சாமான் இறக்குகிற அண்ணன்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுப்பது உங்கள் பொறுப்பு. ஃபிரிட்ஜை இறக்கியவுடன் சுவிட்ச் போடாதீர்கள். சில மணி நேரம் நிமிர்ந்த நிலையில் நிற்கட்டும்.

பால் காய்ச்ச ஒரு பாத்திரம், அரிசி, உப்பு, மஞ்சள், விளக்கு, தீப்பெட்டி, ஒரு பாய், எல்லோருக்கும் ஒரு மாற்று உடை, மருந்து. இவை மட்டும் ஒரு தனிப் பையில் கையோடு வரட்டும். மற்ற பெட்டிகளை நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

உப்புக் காற்று ஜாக்கிரதை!

கடல் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் இருக்கின்றன. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் படியவைக்கும். உப்புத் தண்ணீரில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். நம்பிக்கை இல்லையா? கிளம்புவதற்கு முன் இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டிலும் பாதி மூழ்கும்படி ஓர் இரும்பு ஆணி வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

உங்கள் சைக்கிளுக்கும் அதே கதிதான். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பீரோவின் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்தால் தரை ஈரம் ஏறாது. பழைய தகர டிரங்குப் பெட்டியை மதுரையிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவது நல்லது!

சொல்லாமல் போகாதீர்கள்!

எல்லாச் சாமானும் வண்டியில் ஏறிய பிறகும் ஒன்று ஏறாது. உங்கள் நண்பர்கள். பழைய தெரு. நீங்கள் தண்ணீர் ஊற்றிய வேப்பங்கன்று.

அப்துல் கலாமைத் தெரியும்தானே? அவர் ராமேஸ்வரத்துப் பிள்ளை. படிப்பதற்காக அங்கிருந்து ராமநாதபுரத்துக்குப் போனவர். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான் தூரம். ஆனாலும் வீட்டு நினைப்பு வாட்டும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊருக்கு ஓடி வந்துவிடுவாராம். பெரிய விஞ்ஞானியாகவும் குடியரசுத் தலைவராகவும் ஆனவருக்கே சின்ன வயதில் அப்படி இருந்ததென்றால், உங்களுக்கு அழுகை வருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நண்பர்களைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் எழுதி வாங்குங்கள். ஆசிரியரிடம் உங்கள் நோட்டில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஒப்படையுங்கள். வீட்டில் பூனை இருந்தால், புது வீட்டில் இரண்டு மூன்று வாரம் வெளியே விடாமல் வையுங்கள். இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும்.

புது ஊரில் முதல் வேலை என்ன தெரியுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயரைக் கேட்பது. எந்தக் கடலில் குளிக்கலாம், எங்கே இறங்கக் கூடாது, எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. அவர்கள் ‘இறங்காதே’ என்று சொன்ன இடத்தில் இறங்கவே இறங்காதீர்கள். பெரியவர்கள் இல்லாமல் கடலுக்குப் போகவே கூடாது.

ஒரு மாதத் திட்டம் - கத்தரித்துச் சுவரில் ஒட்டுங்கள்!

4 வாரம் முன்: காலண்டரில் நாள் குறித்தல், வீடு பார்த்தல், டி.சி.க்கு விண்ணப்பம்.

3 வாரம் முன்: காகிதப் பை தயார் செய்தல். வேண்டாத துணி, பொம்மை, புத்தகங்களைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்தல்.

2 வாரம் முன்: வண்டி பேசுதல். தினமும் பயன்படாத சாமான்களைப் பெட்டியில் போட்டு எண்ணிடுதல்.

1 வாரம் முன்: கேஸ் சிலிண்டர் ஒப்படைப்பு, நூலகப் புத்தகம், நண்பர்களிடம் விடைபெறுதல்.

கிளம்பும் நாள்: மீட்டர் எண், கயிறும் தார்ப்பாயும் சரிபார்த்தல், கைப்பை, காகிதப் பை.

போன முதல் வாரம்: 1077 ஒட்டுதல், பாதுகாப்பு மையத்துக்கு நடந்து பார்த்தல், புதுப் பள்ளியில் சேர்தல். ஆதார், ரேஷன் கார்டில் முகவரி மாற்ற விண்ணப்பித்தல்.

என்ன குட்டீஸ், உங்கள் ஊர் ராமேஸ்வரமாக இல்லாமல் கன்னியாகுமரியாகவோ, மாமல்லபுரமாகவோ இருக்கலாம். திருவிழா நாளும் பாலமும் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது. அடுத்த முறை வீட்டில், "நாம் வீடு மாறப் போகிறோம்" என்று சொன்னால் உடனே காலண்டரையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வந்துவிடுங்கள், சரியா?